மூன்றாவது தடவை அனுப்பிய படிவம்

1

நார்வேயின் மேற்குக் கரையில், மழை பெய்யாத நாளைத்தான் செய்தியாகச் சொல்ல வேண்டியிருக்கும் ஒரு துறைமுக ஊரில் நான் வந்து இறங்கி இந்த மாதத்தோடு பதினேழு வருடம் ஆகிறது. அலுவலகத்தின் கணினிப் பிரிவைத் தவிர யாரும் அதை நினைவு வைத்திருக்கவில்லை. திங்கள்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. நீங்கள் சேர்ந்து பதினேழு ஆண்டு நிறைவு, வாழ்த்துகள். உங்கள் லேப்டாப்பின் ஆயுள் முடிகிறது. புதியதற்கான தெரிவுகளை வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்பவும். வாழ்த்தும் இரங்கலும் ஒரே கடிதத்தில் வந்துவிட்டன.

படிவத்தைத் திறந்தேன். எந்த பிராசசர், எவ்வளவு ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா, திரை பளபளப்பா மங்கலா, பேட்டரி சிறியதா பெரியதா, எந்த மொழிக் கீபோர்டு, எந்த இடத்தில் வைத்துப் பயன்படுத்துவீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர்களே ஒரு பதிலைக் குறித்து வைத்திருந்தார்கள். எல்லாமே இருப்பதில் சிறியது. மாற்றினால் பக்கத்தில் ஒரு பெட்டி திறந்து, காரணம் சொல்லவும் என்று கேட்கும்.

ஊரில் இதை வாசிக்கிறவர்கள், ஒரு லேப்டாப் வாங்க இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். நான் உவரிக்காரி, திருநெல்வேலிப் பக்கத்துக் கடலோர ஊர். எங்கள் வீட்டில் எல்லோரும் படகு ஓட்டுகிறார்கள். படகு வரைகிறவள் நான் ஒருத்திதான். இங்கே கடல் உள்ளே புகுந்து கிடக்கும் மலையிடுக்குகளில் காரையும் ஆளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் கப்பல்கள் உண்டு. அவற்றின் அடிப்பாகம் எந்த வடிவத்தில் இருந்தால் தண்ணீர் குறைவாக மறிக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. ஒரு வடிவத்துக்கு லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்கு. கடையில் கிடைக்கும் சாதாரண லேப்டாப்பில் அதை ஓட்டினால் அது விசிறியைச் சுழற்றிக்கொண்டே உயிரை விடும். இதற்கென்றே கனமாக ஒரு வகை செய்கிறார்கள். வர்க்ஸ்டேஷன் என்று பெயர்.

இந்த வருடம் அலுவலகம் ஒரு புதிய விதி போட்டிருக்கிறது. வருடத்தில் மூன்று மாதம் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வேலை செய்யலாம். ஒரே நிபந்தனை, இணைய இணைப்பு இல்லாமலேயே அவரவர் கணினியில் முழு வேலையும் ஓட வேண்டும். புதிய கணினி ஐந்து வருடத்துக்கு. அப்படியானால் ஐந்து ஜனவரி முதல் மார்ச் வரை, பதினைந்து மாதம் உவரி. வருடத்துக்கு இரண்டரை வாரம் விடுமுறையில் ஓடிப்போய், அதில் பாதியை ஏதாவது ஒரு அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தே கழித்தவளுக்குப் பதினைந்து மாதம் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. என் மகள் எஸ்தரும் கூட வந்தால் இன்னும் பெரியது. அவளுக்குப் பதின்மூன்று வயது. ஐந்து வருடம் கழித்து அவள் யாரோடு எங்கே போவாள் என்று யார் கண்டது.

அந்தப் பதினைந்து மாதமும் இந்தப் படிவத்தில் நான் எந்தக் கட்டத்தில் குறி போடுகிறேன் என்பதில் இருந்தது.

2

இதற்கு முன் மூன்று தடவை இதே படிவம் எனக்கு வந்திருக்கிறது. மூன்று தடவையும் நான் ஏமாந்தேன். ஏமாற்றியது யாருமில்லை, என் வளர்ப்புதான்.

எங்கள் பக்கம் விருந்துக்குப் போனால் முதல் தடவை வைக்க வரும்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், கொஞ்சம் மெதுவாக. மூன்றாவது தடவை கேட்கும்போது தட்டிலிருந்து கையை எடுத்துவிடலாம். வைக்கிறவர்களுக்கும் இது தெரியும். மூன்று தடவை கேட்காதவள் வீட்டைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்றும் தெரியும். ஒரே கேள்வியில் சரி என்று சொல்லிவிட்ட பிள்ளையை, பட்டினி போட்டா வளத்தேன் என்று வீட்டுக்கு வந்ததும் கிள்ளுவார்கள். நான் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.

இங்கே வந்த முதல் வாரம் அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள். கேக் துண்டோடு என் மேஜைக்கு வந்து, வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கேக் போயே போய்விட்டது. அறையைச் சுற்றி எல்லோரிடமும் போனது, என் பக்கம் திரும்பவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நம்புகிற மரியாதையான ஜனங்கள்.

கணினிப் பிரிவில் ஆர்னே என்று ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். இந்த ஊர்க்காரர்கள் ஆமாம் என்பதை வாயால் சொல்லாமல், சட்டென்று மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். முதல் தடவை ஆர்னே அப்படி இழுத்தபோது மனிதருக்கு இளைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த ஆர்னேதான் ஒவ்வொரு முறையும் கேட்பார், கூடுதல் ரேம் தேவைப்படுமா, பெரிய பேட்டரி தேவைப்படுமா என்று. பரவாயில்லை, இதுவே போதும் என்று எழுதுவேன். அவர் இரண்டாவது தடவை கேட்பார் என்று காத்திருப்பேன். அவர் என் பதிலைக் கோப்பில் போட்டு மூடிவிடுவார். அடுத்த மேஜைக்காரனுக்குப் பெரிய மிஷின் வரும், எனக்குச் சின்னது வரும். பதினேழு வருடமாகப் பெரிய கணக்குகளைச் சர்வருக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தே காலம் போனது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சோதனை என்று சொல்லி ஆறு வாரம் உவரியிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தார்கள். அந்தச் சின்ன மிஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு மழைக்காற்று. கரண்ட் போனது, பின்னாலேயே டவர் போனது. மிஷின் என் மடியில் சுகமாகத்தான் இருந்தது, கணக்கு முழுவதும் ஏழு கடலுக்கு அப்பால் சர்வரில் இருந்தது. தம்பி அந்தோணியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சிக்னலைத் தேடிப் பக்கத்து ஊர் திசையன்விளைக்குப் போனேன். அங்கும் இல்லை. நான்காம் நாள் பாளையங்கோட்டையில் நாத்தனார் வீட்டு மாடியில் நின்று அனுப்பி வைத்தேன். கப்பல் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்த கெடு மூன்று நாள் தாண்டியிருந்தது.

திரும்பி வந்ததும் மேலாளர் சிரித்த முகத்தோடு, உங்கள் ஊர் அழகுதான், ஆனால் நடைமுறைக்கு ஒத்து வராது என்றார். அனுமதி அதோடு போனது. எனக்கு அவமானமாக இருந்தது. என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன், ஊரைச் சொன்னார்கள். நடைமுறைக்கு ஒத்து வராத ஊரிலிருந்து தினமும் விடியுமுன் மீன் உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கெடு தவறாமல் போய்ச் சேருகிறது. ஒத்து வராதது நான் போதும் என்று எழுதி வாங்கிய மிஷின்.

இந்தத் தடவை போதும் என்ற வார்த்தையை எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

3

செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்தபடி படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஊரில் அப்போது சாயங்காலம். அந்தோணி கரையில் இருந்தான். போனில் கூப்பிட்டேன்.

"எக்கா, என்ன செய்யுத?"

"லேப்டாப்பு தேர்ந்தெடுக்கேன். சின்னதா பெருசான்னு பாக்கேன்."

"சின்னதுக்கு என்ன கொறை?"

"இங்கன இருந்தா நல்லா ஓடும். அங்கன வந்து டவர் போச்சுன்னா நின்னுரும். போன தடவை பாத்தல்லா?"

"அப்பம் இதுல என்ன யோசன?" என்றான். "போகயில எந்த இஞ்சினும் ஓடும்க்கா. வள்ளம் காலி, காத்தும் பின்னால. வரயில மீனும் ஐசும் கெடக்கும், காத்து எதுக்க அடிக்கும். அப்பம் இழுக்கணும்லா. நாங்க இஞ்சின் எடுக்கயில வாற வழிக்குத்தான் பாப்போம். அதுக்கு மேல ஒண்ணு சும்மா ஏத்திப் போட்டிருப்போம், ஒண்ணு நின்னா ஒண்ணு."

அவன் இதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போனால் பை எடுத்துக்கொண்டு போ என்பது மாதிரிதான் சொன்னான். ஆனால் எனக்குப் படிவம் முழுவதும் அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஆர்னேயின் படிவம் போகும் வழிக்குப் போட்ட படிவம். அலுவலக மேஜை, அறுந்துபோகாத இணையம், பதினெட்டு டிகிரிக் குளிர். அங்கே எந்த மிஷினும் ஓடும்.

நான் வரும் வழிக்கு நிரப்ப ஆரம்பித்தேன். ரேம் அறுபத்து நான்கு ஜிபி. சின்ன மாடலில் ரேமைப் போர்டோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்ட நினைத்தாலும் முடியாது. பெரியதில் கழற்றி மாட்டலாம். கணக்கை வேகமாகப் போட்டுத் தள்ளும் தனி கிராஃபிக்ஸ் கார்டு. மெல்லிய உடம்பு வேண்டாம், தடித்த உடம்பே வேண்டும். உவரி வெயிலில் சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் பிராசசர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கு இரண்டு, ஒண்ணு நின்னா ஒண்ணு. பேட்டரி, விமானத்தில் ஏற்ற விடும் அளவுக்குள் ஆகப் பெரியது.

"எலே அந்தோணி, சார்ஜர் இருநூத்தி முப்பது வாட்டு. நம்ம வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா?"

"மிக்சியே ஓடுதுல்லா. தாங்கும்."

பக்கத்தில் நின்ற அம்மா போனைப் பிடுங்கினாள். "ஏட்டி, அது எத்தன கிலோ?"

"மூணு. சார்ஜரோட நாலு."

"ஒரு நல்ல சீலா மீனு கனம். பாத்துத் தூக்கு. தலையிலயும் வைக்க முடியாது."

திரையில் மட்டும் நான் பெரியதை எடுக்கவில்லை. ஆகக் கூர்மையான திரை பேட்டரியைக் குடிக்கும். மங்கலான சாதாரணத் திரை போதும் என்று விட்டேன். இது வேறு போதும். கூச்சத்தில் சொல்லாமல் யோசித்துச் சொன்னது.

கீபோர்டில் எஸ்தர் குறுக்கே வந்தாள். பள்ளியிலிருந்து வந்தவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நார்வே கீபோர்டுதானே எடுக்கீங்க?" என்றாள்.

அவள் பேசும் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் அவள் அப்பாவும் பேசுவதைக் கேட்டு வளர்ந்ததால் அது அசல் திருநெல்வேலித் தமிழ்தான், ஆனால் ராகம் இந்த ஊர் ராகம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குரல் மலை ஏறும். அது அவளுக்கே தெரியும். வர வர என்னிடம் தமிழில் ஆரம்பித்து நார்வே மொழியில் முடிக்கிறாள். போன வருடத்திலிருந்து அந்தப் பாதித் தமிழும் குறைந்துவிட்டது.

"ஆமா, நார்வே கீபோர்டுதான்," என்றேன். "எஸ்தர், ஜனவரியிலேர்ந்து மூணு மாசம் உவரில இருக்கலாம்னு பாக்கேன். நீயும் வாறியா?"

"வேண்டாம்மா," என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

கடைசிக் கேள்வி, பயன்படுத்தும் இடம். கீழே இழுத்தால் எங்கள் நிறுவனத்தின் மூன்று ஊர்கள் மட்டும் இருந்தன. நான்காவதாக, மற்றவை. அதை அழுத்தி, உவரி, திருநெல்வேலி மாவட்டம், இந்தியா என்று எழுதினேன். சிவப்பில் ஒரு வரி வந்தது, இந்த இடம் பட்டியலில் இல்லை. தெரியும் என்று சொல்லிக்கொண்டே அனுப்பு பட்டனை அழுத்தினேன்.

4

புதன்கிழமை படிவம் திரும்பி வந்தது. உங்கள் தெரிவு உங்கள் வேலைநிலைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவைத் தாண்டுகிறது. இலகுவான மாடல் போதுமானது. பெரிய கணக்குகளுக்குச் சர்வர் இருக்கிறது. தயவுசெய்து திருத்தி அனுப்பவும்.

கோபம் வந்தது. கோபத்தோடு சாப்பிட உட்கார்ந்தேன். என் கணவர் ஜெபராஜ் பாளையங்கோட்டைக்காரர், புராட்டஸ்டண்ட் மிஷன் பள்ளி வாத்தியார் வீட்டுப் பிள்ளை. உவரிக் கத்தோலிக்கப் பெண்ணை அந்த வீட்டுக்குள் கொண்டுபோன கதை தனிக் கதை, இப்போது வேண்டாம். ஒரு படிவத்தைக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் கடைசிக் கோட்டைத் தேடிக் கையெழுத்துப் போடுவார்கள். அவர் ஆட்கள் முதல் கோட்டிலிருந்து வாசிப்பார்கள். அந்த மூன்று மாத விதியையும் சேர்த்து வாசித்தார்.

"இங்க பாரு, 'முழு வேலையும்'னு போட்டிருக்கான். 'அவசர வேலை'ன்னு போடல. முழு வேலையும் இணையம் இல்லாம ஓடணும்னா சின்ன மிஷின் அவன் விதிப்படியே செல்லாது. பைய வாசிச்சாத் தெரியும்."

"அப்பம் என்ன அத்தான் செய்ய? திருத்தவா?"

"எதைத் திருத்தணும்? தப்பு இருந்தாத்தான திருத்த?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பதினேழு வருடமாக அவர்கள் என் முதல் வேண்டாமைக் கடைசி வேண்டாமாக எடுத்துக்கொண்டார்கள். நான் ஏன் அவர்கள் வேண்டாமை எங்கள் ஊர் வேண்டாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் தடவை மறுப்பது மரியாதைக்கு. அவர்கள் மரியாதையாகத்தான் மறுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு தடவை கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

இதைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகவே சொன்னேன். ஜெபராஜ் சிரித்தார். எஸ்தர் தட்டைப் பார்த்தபடி உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

அதே படிவத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் திரும்ப அனுப்பினேன். காரணப் பெட்டியில் மட்டும் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். கணினியைக் காற்று எதிரே அடிக்கும்போது இழுக்கிற மாதிரி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று.

வியாழக்கிழமை காலை ஆர்னேயே போன் செய்தார். இந்த மிஷினைத் திறந்த வெளியில் வைத்துப் பயன்படுத்துவீர்களா, அப்படியானால் தண்ணீர் புகாத மாடல் வேறு இருக்கிறதே என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். இல்லை, அது எங்கள் ஊரில் இஞ்சினுக்குச் சொல்வது என்று விளக்கினேன். பிறகு சொன்னார், மன்னிக்கவும், இருந்தாலும் இலகுவான மாடல்தான், இரண்டாவது தடவையும் திருப்பி அனுப்புகிறேன், உங்கள் ஊரின் நெட்வொர்க் இப்போது மேம்பட்டிருக்கலாம் அல்லவா.

நம்பிக்கை வைத்திருக்கிறார் மனிதர். எனக்கும் உண்டு, ஆனால் அதன் மேல் கப்பல் கட்ட மாட்டேன்.

அன்று சாயங்காலம் எஸ்தரை இரண்டாவது தடவை கேட்டேன். பள்ளியில் பெயரை எடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு முறையிருக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றேன்.

"வேண்டாம்மா," என்றாள் மறுபடியும். இந்தத் தடவை மெதுவாக. "ஹேண்ட்பால் டீம்ல என் இடத்த வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க. அங்க வந்தா நான் வாயத் தொறந்தாலே எல்லாரும் சிரிக்காங்க. மாமா பிள்ளைங்க என்னைய மாதிரியே பேசிக் காட்டுதாங்க."

இங்கே என் நார்வே மொழியைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, எனக்காக மெதுவாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். அதுவே எனக்குப் பதினேழு வருடமாக வலிக்கிறது. குழந்தையைப் பார்த்துச் சொந்த வீட்டிலேயே சிரிக்கிறார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இவள் இந்த ஊர்ப் பிள்ளை, இவளுடைய வேண்டாம் இந்த ஊர்க்காரர்களின் வேண்டாம், அதை மதிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

5

வெள்ளிக்கிழமை கடைசி நாள். காலையில் மூன்றாவது தடவை அதே படிவத்தை அனுப்பினேன். அனுப்பிவிட்டு நேராக ஆர்னேயின் அறைக்கு நடந்தேன். இதுவரை அந்த அறைக்கு நான் எதையாவது ரிப்பேருக்குக் கொடுக்கத்தான் போயிருக்கிறேன், கேட்கப் போனதில்லை.

"நீங்கள் சொல்லும் இலகுவான மாடல் ஒன்று இங்கே இருக்கிறதா?"

இருந்தது. அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. நான் கேட்ட கனமான மாடலும் மாதிரிக்கு ஒன்று இருந்தது. இரண்டையும் மேஜையில் வைக்கச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் உவரியில் என்னை மாட்டிவிட்ட அதே கப்பலின் கணக்கை இரண்டிலும் ஏற்றினோம். இணையத்தை நீங்களே அணையுங்கள் என்றேன். அணைத்தார். அறையின் ஹீட்டரையும் முழுதாகத் திருகி வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஜனவரியில்கூட எங்கள் ஊர் இதைவிடச் சூடு என்றேன்.

இலகுவான மிஷின் கப்பலைத் திறக்கவே ஒரு காபி குடிக்கும் நேரம் எடுத்தது. கணக்கை ஆரம்பித்ததும் விசிறி அலறியது. கால்வாசி போவதற்குள் நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடி நின்றது. கனமான மிஷினில் கணக்கு உறுமிக்கொண்டே போனது. நடுவில் நான் சார்ஜரைப் பிடுங்கினேன்.

"என்ன செய்கிறீர்கள்?"

"கரண்ட் போய்விட்டது," என்றேன்.

முக்கால் மணி நேரம் பேட்டரியிலேயே இழுத்தது. தீரப் போகிறது என்று தெரிந்ததும் செய்த வரைக்கும் இரண்டாவது டிஸ்க்கில் பத்திரமாக எழுதி வைத்துவிட்டுத் தூங்கியது. சார்ஜரைச் சொருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கணக்கு முடிந்தது. நான் ஆர்னேயிடம் சொன்னேன். உங்கள் விதியில் முழு வேலையும் என்று இருக்கிறது. இரண்டில் எது உங்கள் விதிப்படி நடக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போன தடவை உவரி தோற்றது என்று எல்லோரும் பேசிக்கொண்டீர்கள். தோற்றது இது என்று இலகுவான மிஷினின் மூடியை மூடி அவர் பக்கம் தள்ளினேன். பதினேழு வருடத்தில் இந்தக் கட்டடத்துக்குள் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

ஆர்னே என் படிவத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். ஆகக் கூர்மையான திரையை நான் எடுக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். ஏன் என்று கேட்டார். அது தேவையில்லை என்றேன். பேராசையில் நிரப்பிய படிவம் இல்லை என்று அவருக்கு விளங்கிய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பயன்படுத்தும் இடம் என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, உவரியை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பட்டியலில் நான்காவது ஊராகச் சேர்த்தார்.

"சரியா?" என்றேன்.

அவர் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். நான் தண்ணீர் கொண்டுவரப் போகவில்லை.

6

மிஷின் மூன்று வாரத்தில் வந்தது. நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். கனம்தான், தோள் வலித்தது. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். வந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிவிட வேண்டும், புது இஞ்சினை அப்படியே கடலில் இறக்குவோமா என்றாள். சரி என்றேன். முதல் கேள்விக்கே.

ஜனவரி முதல் வாரத்துக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்று. ஜெபராஜும் எஸ்தரும் இங்கேயே இருப்பார்கள் என்று பேசி வைத்திருந்தோம். பேசி வைத்ததெல்லாம் சரிதான், ஒன்று என்று குறிக்கும்போது கை ஓடவில்லை. இத்தனை கிலோ இரும்பைச் சண்டை போட்டு வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன், தூக்கிக்கொண்டு போக நினைத்த பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறேன்.

எஸ்தர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மிஷினைத் தூக்கிப் பார்த்தாள். மூடியைத் திறந்து மூடினாள். அடியில் ஆர்னே ஒட்டிய சீட்டில் உவரி என்று நார்வே எழுத்தில் அச்சடித்திருந்ததைத் தடவிப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல எத்தன தடவ கேட்டீங்க?"

"மூணு."

"என்னைய?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவதானே கேட்டீங்க," என்றாள். குரல் வழக்கம்போல வாக்கியத்தின் கடைசியில் மலை ஏறியது.

கேட்டேன். ஜனவரியில் என்னோடு உவரிக்கு வருகிறாயா என்று, மூன்றாவது தடவை.

அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊர்க்காரி மாதிரி, சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள்.